ஊமை செட்டும் ஒரு காலி ஜாடியும்

அன்று காலை வந்திருந்தவர்கள்: லீட் கிடார் சூசை அண்ணன், ரிதம் கிடார் காதர் பாய், பேஸ் கிடார் ஊ சோ, டிரம்ஸுக்கு நான். வராதவர்கள் இருவர். ஒருவர், அந்த டிரம்ஸை எனக்கு முன்னால் வாசித்த வேலு அண்ணன். ரங்கூனுக்கு வெளியே மாவ்பியில் கோழிப்பண்ணை வைத்திருந்தார். கோழிகளுக்கு ஏதோ சீக்கு, விட்டுவிட்டு வர முடியாது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார். இன்னொன்று, மின்சாரம்.

இடம், ரங்கூன் பசுந்தாங்கில் ஓடைக்கு இரண்டு தெரு தள்ளி, காதர் பாயின் ஹார்ட்வேர் கிட்டங்கி. மேலே ஐந்து மாடிகளில் குடித்தனங்கள். கீழே ஆணி மூட்டை, வயர் சுருள், பெயின்ட் டப்பா. இவற்றுக்கு நடுவே நாங்கள்.

அந்த வாரம் எங்கள் தெருவுக்குக் கரன்ட் முறை காலை நேரத்தில். ஆறு மணிக்கு வந்து பதினொன்றுக்குப் போக வேண்டும். ஏழரை ஆகியும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சூசை அண்ணனுக்கு விமானம். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் மகள் வீட்டோடு போய்த் தங்கிவிடப் போகிறார். அன்று செவ்வாய். நான் வேலை பார்த்த கேசட் கடை முதலாளியிடம் மன்றாடி ஒரு ரெக்கார்டரும் இரண்டு மைக்கும் வாங்கி வந்திருந்தேன். மத்தியானம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவருக்கு அன்றே ஒரு கல்யாண வேலை இருந்தது.

நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக ரங்கூனில் வாசித்த அந்தக் குழு ஒரு தடவைகூட ஒலிநாடாவில் பதிவானதில்லை. இந்த ஒரு காலையும் போய்விட்டால், அவர்கள் வாசித்தார்கள் என்பதற்குக் கேட்டவர்களின் காது மட்டுந்தான் சாட்சி.

"கரன்டுக்குத் தெரியுமாடா நான் ஊருக்குப் போறது? தெரிஞ்சா இப்படிப் பண்ணுமா?" என்றார் சூசை அண்ணன்.

"தெரிஞ்சுதான் வரல. முகத்துல முழிக்க வெக்கமா இருக்கும்" என்றார் காதர் பாய்.

பலகைக்காரன்

இந்தக் குழுவின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான்கு பேர் ஏன் ஒரு ஜாடியைச் சுற்றி நின்று கவலைப்பட்டார்கள் என்பது விளங்காது.

அறுபதுகளின் தொடக்கம். சூசை அண்ணனின் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஏதோ ஒரு கப்பலின் சமையல்காரர், கருவாட்டுக்கும் சுருட்டுக்கும் பதிலாக ஒரு இசைத்தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தட்டில் பாட்டு கிடையாது. பாடுகிறவரே கிடையாது. வெறும் கிடார். அதுவும் மாரிக்காலத்தில் தகரக் கூரைமேல் மழை விழுகிற வேகத்தில் ஒரே தந்தியில் விழுகிற கிடார். ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ திருப்பிச் சொல்வதுபோல ஓர் எதிரொலி.

அட்டையில் ஒரு படம். மலைபோல எழுந்த அலை. அதன்மேல் ஒற்றைப் பலகையில் ஒரு மனிதன் நின்றுகொண்டிருக்கிறான்.

கடலில் பலகைமேல் ஏறி நின்று விளையாடுவார்கள் என்பது பசுந்தாங்கில் யாருக்குத் தெரியும்? நான்கு நண்பர்களும் கூடி உட்கார்ந்து யோசித்து, ஒரு முடிவுக்கு வந்தார்கள். கப்பல் உடைந்துவிட்டது. எல்லாரும் போய்விட்டார்கள். இவன் ஒருவன் மட்டும் ஒரு பலகையைப் பிடித்து உயிர் தப்பிக் கரைக்கு வருகிறான். அதுதான் கதை, அதற்குத்தான் இந்த இசை.

அப்படி நினைத்துத்தான் வாசிக்கக் கற்றார்கள். அப்படி நினைத்தே சொந்தமாக ஒரு மெட்டும் கட்டினார்கள். பெயர் 'பலகைக்காரன்'. மெல்லத் தொடங்கும். கப்பல் மூழ்கும். பிறகு அலை தூக்கும், இறக்கும், மறுபடி தூக்கும். கடைசியில் ஒற்றைச் சுரம் நீண்டு, நீண்டு, கரையில் கால் பட்டதும் நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஒரு நாள் அட்டையின் பின்பக்கத்து ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். விஷயம் தெரிந்து பதறிப்போய் சூசை அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, அவன் தப்பிச்சு வரலண்ணே. அது விளையாட்டு. சும்மா ஜாலிக்கு ஏறி நிக்கிறான்."

அவர் கிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அவன் ஊர்ல விளையாடுறானோ என்னவோ. நாங்க வாசிச்சா தப்பிச்சு வர்றவன்தான்."

பின்னாளில் டீக்கடை டி.வி.யில் அந்த விளையாட்டைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் கரையில் கால் வைத்துவிட்டு அழவில்லை.

ஊமை செட்

குழுவுக்கு அவர்கள் ஆங்கிலத்தில் அழகான ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஊர் அதைச் சட்டை செய்யவில்லை. வாயே திறக்காத கச்சேரி என்பதால் 'ஊமை செட்' என்றுதான் சொன்னார்கள். கல்யாண வீடுகளில் பெரியவர்கள் மேடைக்கே வந்து, "பாடுறவரு எப்ப வருவாரு?" என்று விசாரிப்பார்களாம். "அவரு இன்னும் பொறக்கல தாத்தா" என்பாராம் வேலு அண்ணன்.

கொஞ்ச காலம் நகர நடுவே கியாக்டடா பக்கத்து ஓட்டல்களில் வாசித்தார்கள். கோட்டு, டை எல்லாம் உண்டு. பிறகு ராணுவ ஆட்சியில் காலம் மாறியது. ஓட்டல்கள் மூடின, வெளிநாட்டு இசைக்கு ஊரில் இடமில்லாமல் போயிற்று. பாட்டுக்காரர்கள் பலருக்கும் பிழைப்புப் போயிற்று. ஊமை செட் மட்டும் நின்றது. வார்த்தையே இல்லாத பாட்டில் யார் என்ன குற்றம் கண்டுபிடிக்க முடியும்?

எண்பத்தெட்டில், போராட்டமும் துப்பாக்கிச் சூடுமாக ஊர் அடங்கிக் கிடந்த மாதங்களில் மட்டும் சூசை அண்ணன் கிடாரைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். அப்போது நான் சின்னப் பிள்ளை. எனக்கு நினைவிருப்பது ஜன்னலை மூடச் சொன்ன அம்மாவின் குரல் மட்டுந்தான்.

நான் அவர்களை முதலில் கேட்டது அதற்குச் சில வருஷம் கழித்து, ஒரு கல்யாணத்தில். பந்தியில் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிடார் எழுந்தது. ஈரமான சத்தம். தந்தியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். என் கை அப்பளத்தோடு அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த சீனக் கடைக்காரர், எதிரே இருந்த பர்மியப் போலீஸ்காரர், பரிமாறிக்கொண்டிருந்த மாமா, எல்லார் கையும் அப்படித்தான் நின்றது. ரசம் வாளியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த வயதில் எனக்கு ஒரு குறை இருந்தது. கோயிலில் தமிழ்ப் பாட்டு என்றால் என் வயதுப் பையன்களுக்குப் பாதிதான் புரியும். பர்மியப் பாட்டு என்றால் அம்மாவுக்குப் புரியாது. அம்மாவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து முழுதாகக் கேட்ட முதல் இசை அதுதான். "யாரோ ஓடியாற மாதிரி இருக்குடா" என்றாள் அம்மா. பலகைக்காரன் கதையை அவளுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு நான் பள்ளிக்கூட பேண்டில் டிரம் அடித்ததும், வேலு அண்ணன் மாவ்பிக்குப் போன பிறகு அந்த முக்காலியில் போய் உட்கார்ந்ததும் தனிக் கதை. இப்போது ஜாடிக்கு வருகிறேன்.

ஜாடி

இசைத்தட்டில் கேட்ட எதிரொலிக்கு வெளிநாட்டில் ஒரு கருவி உண்டு. அதை வாங்க அப்போது பசுந்தாங்கையே விற்க வேண்டும். காதர் பாயின் கிட்டங்கியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு ஜாடி இருந்தது. கறுப்புப் பூச்சுப் பூசிய மர்த்தபான் ஜாடி. அதன் வாயில் பலகையில் பொருத்திய சின்ன ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைப்பார்கள். கிடார் சத்தம் ஜாடிக்குள் விழும், சுற்றும், முட்டும், திரும்பும். உள்ளே கயிற்றில் தொங்கும் மைக் அதைப் பிடிக்கும். பெரிய ஸ்பீக்கரில் வெளியே வரும்போது அது கடல்.

முதன்முதலில் அதற்குள் எட்டிப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. இருட்டு மட்டும். இவ்வளவு பெரிய கடல் இந்த இருட்டுக்குள் எங்கே இருக்கிறது என்று புரியவில்லை.

பதிவுக்கு வந்த அன்று, டிரம் சத்தம் உள்ளே புகாமலிருக்க ஜாடியைக் கிட்டங்கிக்கு வெளியே, மாடிப்படி தொடங்குகிற இடத்தில் தெருவாசலை ஒட்டி வைத்தோம். மைக்கைத் தொங்கவிட்டு, ஸ்பீக்கர் பலகையால் மூடினோம். கரன்ட் வரவில்லை. பசி வந்தது. எதிர்ச் சாரியில் மொஹிங்கா சாப்பிடப் போனோம். காவலுக்கு ஊ சோ இருந்தார். அவர் காவல் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வது.

குதோ

திரும்பி வந்தபோது வாசலில் ஒரு சைக்கா, எங்கள் ஊர் சைக்கிள் ரிக்‌ஷா, நின்றது. அதை மிதிக்கிறவர் ஜாடி அருகில் நின்று, ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கவிழ்த்துக் கடகடவென்று குடித்துக்கொண்டிருந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல குளிர்ச்சி" என்று பர்மியத்தில் பாராட்டிவிட்டுப் போனார்.

சூசை அண்ணன் ஓடிப்போய் ஜாடிக்குள் பார்த்தார். முக்கால்வாசி தண்ணீர். கயிற்றைப் பிடித்து இழுத்தார். தூண்டிலில் மீன் வருவதுபோல மைக் வந்தது, நீர் ஒழுக ஒழுக.

படியிலிருந்து அம்மா இறங்கி வந்தாள். தோளில் கம்பு, இரண்டு பக்கமும் காலி டின்கள். கரன்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் ஐந்து மாடிக்கும் தண்ணீர் சுமப்பது அம்மாதான். அதுதான் அவள் தொழில், என்னைப் படிக்க வைத்த தொழில்.

"யாரு அக்கா இதுல தண்ணி ஊத்துனது?" என்றார் சூசை அண்ணன்.

"நாந்தான் அண்ணே. இந்த வெயில்ல வாசல்ல தண்ணிப்பானைய வச்சுட்டு, காலியா விட்டா எப்படி? ரெண்டு பேரு மூடியத் தூக்கிப் பாத்துட்டு ஏமாந்து போனாங்க. மனசு கேக்கல. நாலு டின்னு ஊத்திக் குவளையும் வச்சேன்."

ரங்கூன்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் வீட்டு வாசலில், மரத்தடியில், எங்கு பார்த்தாலும் வழிப்போக்கர் குடிக்கப் பானை வைத்திருப்பார்கள். நிரப்புகிறவருக்குப் புண்ணியம். பர்மியத்தில் அதை 'குதோ' என்பார்கள். காலியான பானையைப் பார்த்துவிட்டு நிரப்பாமல் போவது யாருக்கும் மனசு ஒப்பாத காரியம்.

"அம்மா, உள்ள வயர் தொங்குச்சே, பாக்கலியா?" என்றேன்.

"பாத்தேன். குவளை கட்ட வச்ச கயிறுன்னு நெனச்சேன். மூடியப் பாரு, பத்திரமா ஓரமாத்தான் வச்சிருக்கேன்."

உண்மைதான். ஸ்பீக்கரைச் சுவரோரம் ஒரு துணிமேல் வைத்திருந்தாள். அதில் ஒரு சொட்டு ஈரமில்லை.

அப்போதுதான் தெரு முழுக்க ஒரே சத்தம் எழுந்தது. "மீ லாபி!" கரன்ட் வந்ததும் எல்லா ஜன்னலிலிருந்தும் பிள்ளைகள் போடுகிற கூச்சல் அது. மணி ஒன்பதுக்கு மேல்.

"கவுத்து ஊத்துங்கடா! தொடச்சுட்டு இன்னொரு மைக்க விடலாம்" என்றார் சூசை அண்ணன்.

அதற்குள் கண்விழித்திருந்த ஊ சோ ஜாடியின் முன்னால் வந்து நின்றார். எங்கள் தெருவிலேயே வளர்ந்து தமிழ் பழகிய பர்மியர்.

"நான் விடமாட்டேன் சூசை. குதோ தண்ணி. ஆள் குடிச்சாச்சு. இனிமே கீழ ஊத்தக்கூடாது."

"எனக்கு வெள்ளிக்கிழமை பிளைட்டுடா!"

"பிளைட்டு போற ஆளு பாவம் சுமந்து போகாதே."

சூசை அண்ணன் காதர் பாயைப் பார்த்தார். பாய் தாடியைத் தடவினார்.

"தாகத்துக்கு வச்ச தண்ணியக் கீழ ஊத்துறது எங்களுக்கும் ஆகாது சூசை. நீ கோவிச்சாலும் சரி."

இதற்குள் கூடை சுமந்து வந்த ஒரு பெண் எங்களை விலக்கிக்கொண்டு போய் ஒரு குவளை மொண்டு குடித்தாள். அதோடு அந்த வழக்கு முடிந்தது. ஜாடி எங்களுடையதாக இல்லாமல் போய்விட்டது.

சூசை அண்ணன் கடைசிப் படியில் உட்கார்ந்தார். அவர் யாரையும் திட்டவில்லை. வலது கை மட்டும் முழங்காலில் ஒரு தந்தி இருப்பதுபோல அடித்துக்கொண்டேயிருந்தது. அம்மாவுக்கு அப்போதுதான் ஏதோ பெரிதாகக் கெட்டுப்போயிருக்கிறது என்று உறைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தாள்.

தண்ணீ

ஐந்தாம் மாடியிலிருந்து ஒரு பெண் அம்மாவைக் கூப்பிட்டாள். "மாரீ! மோட்டார் தண்ணி இன்னும் ஏறல!"

அம்மா அண்ணாந்து, அவள் தினமும் போடுகிற சத்தத்தைப் போட்டாள்.

"தண்ணீ...!"

அந்தக் கட்டடம் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். படிகள் நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி ஏறும். நடுவில் தரையிலிருந்து கூரைவரை வெறும் வெளி. அம்மாவின் குரல் அதில் ஏறியது. ஒவ்வொரு மாடியிலும் ஒரு தடவை முட்டித் திரும்பியது. கூரைவரை போய், வேறு யாருடைய குரலாகவோ இறங்கி வந்தது.

பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். அன்றுவரை அது எனக்கு அம்மா கூப்பிடுகிற சத்தம் மட்டுந்தான்.

சூசை அண்ணனின் கை முழங்காலில் நின்றது. மெல்ல அண்ணாந்து பார்த்தார்.

"காதரு, வயர் இருக்கா?"

"ஹார்ட்வேர் கடைக்காரன்ட்ட கேக்குற கேள்வியா இது?"

அதன்பிறகு எல்லாரும் ஓடினோம். மிச்சமிருந்தது ஒரே மைக். மூன்றாம் மாடி வீட்டில், பேப்பரும் காய்கறியும் இழுத்துக்கொள்ளத் தெருப்பக்கம் தொங்கவிடும் கயிற்றைக் கேட்டு வாங்கினோம். அதில் மைக்கைக் கட்டிப் படிக்கட்டின் நடுவெளியில் இறக்கினோம். ஸ்பீக்கரை மேல்நோக்கித் திருப்பி அடியில் வைத்தோம். எல்லாச் சத்தமும் அந்த ஒரு மைக்குக்குத்தான் போக வேண்டும் என்பதால் நாங்களும் படியடிக்கு மாறினோம்.

ஊ சோ மாடி மாடியாக ஏறி வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டு வந்தார். அம்மாவிடம் நான் கெஞ்சினேன்.

"பாட்டு முடியிறவரைக்கும் வாயத் திறக்காதம்மா."

"நான் ஏன்டா பேசப் போறேன்?" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜாடியருகே நின்றாள்.

மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் நின்றது. ஒருமுறை பஸ் ஹாரன், ஒருமுறை என் குச்சி தவறியது, ஒருமுறை தண்ணீர் குடிக்க வந்தவருக்குப் புரையேறியது. பதினொன்று நெருங்கிக்கொண்டிருந்தது. நாலாவது தடவை சூசை அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தச் சில நிமிஷங்களை எப்படி எழுதுவது என்று ஒரு வாரமாக உட்கார்ந்து பார்க்கிறேன். முதல் சுரம் விழுந்ததும் அது மாடி மாடியாக ஏறிப்போனதைக் கேட்டேன். ஜாடியில் கேட்டது விரிகுடா என்றால், இது சமுத்திரம். கப்பல் மூழ்கியபோது மேலே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கைப்பிடிச் சுவர் நெடுகத் தலைகள். கன்னத்தில் தனகா மரப்பட்டை அரைத்துப் பூசிய பிள்ளைகள், கரண்டியோடு பெண்கள், லுங்கியை முடிந்துகொண்டே ஆண்கள். என் கைகள் என்னுடையவை அல்ல. காதர் பாயின் கன்னத்தில் ஏதோ வழிந்தது, வியர்வை என்று பிறகு சாதித்தார். அலை தூக்கியது, இறக்கியது. பலகைக்காரன் வந்துகொண்டேயிருந்தான்.

கடைசிச் சுரம். சூசை அண்ணன் தந்தியை விட்டுவிட்டார். சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று, இரண்டு, மூன்று, நாலு...

ஐந்தாம் மாடிப் பெண்ணால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது. கைப்பிடிச் சுவரில் காலி வாளியைத் தட்டினாள், டங் என்று.

முப்பது வருஷப் பழக்கம். வாளிச் சத்தம் கேட்டால் அம்மாவின் வாய் அவளைக் கேட்காது.

"தண்ணீ...!"

குரல் கிடாரின் பின்னாலேயே ஏறியது. இரண்டும் கூரையில் சேர்ந்து, சேர்ந்தே இறங்கி, தரையில் வந்து அடங்கின. அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு அணைந்தது. கரன்ட் போய்விட்டது.

சூசை அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"அக்கா..." என்றார்.

"தெரியாம வந்துருச்சு அண்ணே. வாயில அடிச்சுக்கிறேன்."

"நாப்பது வருஷமா இவன் கரைக்கு வர்றான். வந்ததும் என்ன கேப்பான்னு எங்க நாலு பேருக்கும் தோணலியே அக்கா."

பிறகு

வெள்ளிக்கிழமை அவர் போனார். கேசட் கடையில் நான் இருபது பிரதி எடுத்தேன். அதற்குப் பிறகு யார் யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. டாக்ஸிகளில் கேட்டேன், பஸ்களில் கேட்டேன், மாவ்பி சந்தையில் ஒரு கோழிக்கடையில் கேட்டேன். அந்தக் கடை வேலு அண்ணனுடையது அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்து, திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவில் சூலே பகோடா பக்கம் ஒரு மேடையில் பலகைக்காரனை ஒலிபரப்பினார்கள். கீழே நனைந்து நின்ற கூட்டம். தலைமயிருக்குச் செம்பட்டை அடித்த பர்மியப் பையன்கள், சீனப் பெண்கள், தமிழ் கேட்டால் புரியும் பேச வராது என்கிற எங்கள் பிள்ளைகள். கடைசிச் சுரம் நீண்டது. அத்தனை பேரும் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தார்கள்.

"தண்ணீ...!"

மேடையிலிருந்து குழாய்கள் பீய்ச்சின. என் பக்கத்தில் நின்ற அம்மா மேலெல்லாம் நனைந்து, "ஏன்டா இவங்கெல்லாம் என்னைக் கூப்பிடுறாங்க?" என்றாள். ஊமை செட் உலகத்துக்குச் சொன்ன ஒரே வார்த்தை அது.

சூசை அண்ணன் பெர்த்திலிருந்து போன் செய்தபோது இதைச் சொன்னேன். இங்கே கடலில் தினமும் பலகைக்காரர்களைப் பார்க்கிறேன், ஒருவரும் தண்ணீர் கேட்பதில்லை என்றார்.

ஜாடி இன்னும் அந்த வாசலில்தான் இருக்கிறது. அம்மாதான் நிரப்புகிறாள். அன்றைக்கான கணக்கைக் காதர் பாய் மறுநாளே முடித்துவிட்டார். மைக் பிழைக்கவில்லை, கேசட் கடைக்காரருக்கு அதன் விலையைக் கிடார்க்காரர் மூவரும் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். நாலு டின் தண்ணீருக்கு உரிய காசை அம்மாவிடம் நீட்டியபோது, "காசு வாங்குனா குதோ போயிடும் பாய்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஆக, மொத்தச் செலவு பதினெட்டாயிரம் கியாட்.